மிலுதின் அண்ணனின் முட்டி வலி

மிலுதின் அண்ணனுக்கு முட்டி வலி எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். கூட்டத்தில் நடக்க முடியாதவர் யாராவது இருந்தால் வரும்.

ஒரு வசந்தகாலக் காலை. ஊர் சுற்றிப் பார்க்க வந்த, ஜெர்மன் பேசுகிற கூட்டம் ஒன்றை அவர் எங்கள் பேக்கரிக்கு அழைத்து வந்திருந்தார். எல்லாரும் கால் தரையில் நிற்காத வயசு. அவர்களோடு கைத்தடி ஊன்றிய ஓர் அம்மாளும் வந்திருந்தாள். தின்று முடித்ததும் மற்றவர்கள் வாசலில் போய் நின்று கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. என்னவோ சொன்னாள். பாஷை எனக்குப் புரியாது. ஆனால் முகம் சிவந்து, கைத்தடியை மேசைக்கு அடியில் தள்ளி ஒளித்ததைப் பார்த்தேன். நீங்கள் போங்கள், நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

மிலுதின் அண்ணன் மற்றவர்களை நோக்கி நடந்தார். வாசல் வரை போனவர் திடீரென்று வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்து ஏதோ கெஞ்சினார். எல்லாரும் பதறிப்போய் அவரைச் சுற்றி நின்றார்கள். அந்த அம்மாள் சட்டென்று எழுந்து வந்து அவர் கையைத் தன் கையில் கோத்துக்கொண்டாள். கோட்டை மேடு வரை அவள்தான் அவரைத் தாங்கிக்கொண்டு போனாளாம். கூட்டம் முழுக்க அவர்கள் இருவருக்காகவும் மெதுவாக நடந்தது.

மறுநாள் அதே மனிதர் டிராமைப் பிடிக்க எங்கள் கடை முன்னால் ஓடினார். திரும்பி வந்தபோது கேட்டேன்.

"என்னண்ணே, நேத்து அந்த நொண்டு நொண்டினீங்க?"

"அது வரும், போகும் தங்கச்சி" என்றார். பிறகு விரலை உதட்டில் வைத்தார். அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அதைப்பற்றி வேறு பேச்சில்லை.

நான் யகோதா. பைலோனி சந்தைக்குப் பக்கத்தில் உள்ள பேக்கரியில் அடுப்பு வேலை செய்கிறேன். நாலாவது வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எனக்குத் தெரிந்தது மாவும் ஜெபமும்தான். மிலுதின் அண்ணனைப் பற்றி எழுதச் சொல்லி எங்கள் பாதிரியார் விதோயே கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். கடவுள் என் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

மிலுதின் அண்ணன் வாலிபத்திலிருந்து டிராம் ஓட்டியவர். பழைய ஊரை வட்டமடித்துவரும் இரண்டாம் நம்பர் டிராம். ஓய்வு பெற்ற பிறகு அதே ஊரைக் கால்நடையாகச் சுற்றிக்காட்டும் வேலைக்கு ஒரு பயண ஆபீஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. காலையில் குதிரைச் சிலைக்கு அடியில் ஆட்களைச் சேர்ப்பார். கல் பாவிய சரிவுத் தெரு வழியாக இறங்கி முதலில் எங்கள் கடைக்கு வருவார். இங்கே பூரெக், இலை மாதிரி தட்டிய மாவை அடுக்கி, நடுவில் பாலாடைக்கட்டி வைத்து, வட்டத் தட்டில் நான் சுட்டு எடுப்பது. கூடக் கெட்டி மோர் ஒரு குவளை. அடுத்து சந்தைக்குள் பெர்சீதாவிடம் உப்புப் பாலாடையும் சுட்ட குடைமிளகாய்த் துவையலும். பிறகு ஒரு சாப்பாட்டுக் கடையில் கரியில் வாட்டிய கறி உருண்டை. அதற்கு மேல் கோட்டை. கோட்டைக்குள் இருக்கிற சின்னக் கோவில். கடைசியாக இரண்டு ஆறும் சேருகிற இடத்தைப் பார்த்தபடி மதிலில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு மிடறு பிளம்ஸ் சாராயம்.

அவர் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தப் பண்டமானாலும் முதல் வாய் பேசாமல் தின்ன வேண்டும். படம் எடுக்கக் கூடாது, நல்லா இருக்கிறது என்றும் சொல்லக் கூடாது. "முதல் வாய் சாமிக்கு. ரெண்டாவது வாய்லேர்ந்து உங்களுக்கு" என்பாராம். கடை நிறைய ஆள் இருந்தும் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்கும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்குக் கோவிலில் நிற்கிற மாதிரி இருக்கும்.

டிராம்காரருக்கு ஜெர்மன் எப்படி வந்தது என்று எல்லாரும் கேட்பார்கள். டிராமில் வந்த பாஷை என்று சிரித்து மழுப்புவார். உண்மை எனக்குத் தெரியும்.

அவருக்கு லுபிங்கா என்று மனைவி, உரோஷ் என்று ஒரே மகன். சண்டையும் பஞ்சமுமாக நாடு கிடந்த காலத்தில், பாலுக்கு விடியலிலேயே வரிசையில் நின்ற காலத்தில், லுபிங்கா மகனை அழைத்துக்கொண்டு ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்தில் இருந்த அக்காளிடம் போனாள். பையன் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். பின்னாலேயே அண்ணனும் வருவதாகத்தான் பேச்சு. அவர் போகவில்லை. அந்த வீட்டில் அவர் தாத்தாவுக்கும் முந்திய காலத்திலிருந்து புனித லூக்காவின் திருநாளை ஒரு வருஷமும் விட்டதில்லை. நான் போய்விட்டால் இந்த வீட்டில் லூக்காவுக்கு யார் மெழுகுவர்த்தி ஏற்றுவது என்று இருந்துவிட்டார். இருந்தது இருந்தபடியே ஆகிவிட்டது. லுபிங்கா அங்கேயே வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டாள். நம் பாஷை பையனுக்கு மறந்துவிட்டால் அவனோடு எந்தப் பாஷையில் பேசுவது என்று பயந்து, டிராம் கொட்டகையில் ஒலிநாடா போட்டுக் கேட்டுக் கேட்டு அண்ணன் ஜெர்மன் படித்தார். அதை ஊரார் எல்லாரிடமும் பேசினார், மகனைத் தவிர. அப்பாவும் மகனும் பிறந்தநாளுக்கும் புது வருஷத்துக்கும் போனில் பேசிக்கொள்வார்கள். அங்கே பனியா, இங்கே மழை. அதோடு சரி.

எங்கள் ஜனங்களில் வீட்டுக்கு ஒரு புனிதர் உண்டு. அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும் சொத்து அது. அவர் நாளில் ரொட்டி சுட்டு, கோதுமையை வேகவைத்து வாதுமைக்கொட்டையும் சர்க்கரையும் சேர்த்துப் படைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவைப்போம். அது எரிகிற வரைக்கும் வீட்டுக்காரர் உட்காரக் கூடாது, வீட்டை விட்டுப் போகவும் கூடாது. வருகிறவர்களுக்கு நின்றபடியே பரிமாற வேண்டும். அந்த நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. புதுப் பழக்கம் என்றால் முதல் வருஷம் ஒரே ஒரு தரம் சொல்வோம். அதன் பிறகு ஆயுளுக்கும் அவர்களாகத்தான் வர வேண்டும். கதவு திறந்திருக்கும், தெரிந்தவர்கள் வருவார்கள்.

லூக்கா நாள் அக்டோபர் கடைசியில். அண்ணனுக்கு ரொட்டி சுடுவது ஒவ்வொரு வருஷமும் நான்தான். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பரிமாற ஒத்தாசைக்கு அங்கேயே இருந்துவிடுவேன். ரொட்டி வெட்டும்போது வீட்டுக்காரர் ஒரு பக்கமும் மகன் ஒரு பக்கமும் பிடித்துச் சுற்ற வேண்டும். பாதிரியார் விதோயே ஒரு தரம் கேட்டார்.

"மிலுதின், அடுத்த வீட்டுப் பையன் யாரையாவது கூப்பிட்டு அந்தப் பக்கம் பிடிக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் சாமி. அது அவன் நிக்கிற இடம். நீங்களே பிடிங்க. அவன் வர்ற வரைக்கும்தானே."

வருஷா வருஷம் பாதிரியாரே பிடித்தார்.

பெர்சீதாவுக்குப் பொறுக்காது. சந்தையில் பாலாடை விற்கிறவள், நாக்கில் உப்பு அதிகம். அண்ணன் உயிரோடு இருந்த கடைசி வருஷம் லூக்கா நாளுக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் கடையில் சூடாக ஒரு துண்டு வாங்கிக்கொண்டு நின்றவள் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ் மிலுதின், பையனுக்கு ஒரு போனைப் போட்டு வாடான்னு சொன்னா உன் நாக்கு தேஞ்சா போகும்?"

"நீ உன் புருஷனைச் சாப்பிட வாங்கன்னு பத்திரிகை வச்சா அழைக்கிற?"

"அந்தாளுதான் அழைக்காமலே மூணு வேளையும் வந்து குந்திக்கிறாரே. அதுதானய்யா என் தலையெழுத்து."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். பெர்சீதா விடவில்லை.

"சிரிக்காத. அவன் வெளியூர்ல வளர்ந்த புள்ள. நம்ம முறையெல்லாம் அவனுக்கு என்ன தெரியும்? கூப்பிட்டாத்தான் வரணும்னு இருப்பான்."

அண்ணன் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார்.

"பெர்சீதா, விருந்தாளியைத்தான் கூப்பிடுவாங்க. அவன் அந்த வீட்டுல பொறந்தவன். நான் வாயைத் திறந்து வான்னு சொல்லிட்டா, நீ இந்த வீட்டுக்கு வேத்தாள்னு நானே சொன்ன மாதிரி. அதை மட்டும் என்னால சொல்ல முடியாது. என்னை விட்டுடு."

"அப்ப வாசலைப் பார்த்துக்கிட்டே சாவு போ" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாவம், வாய் தவறி வந்துவிட்டது. பிறகு அதை நினைத்து நினைத்து அழுதவளும் அவள்தான்.

லூக்கா நாளுக்கு முந்தின காலை அண்ணன் ஒரு கூட்டத்தோடு வந்தார். நொண்டிக்கொண்டு வந்தார். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன், யார் அந்த வயசானவர் என்று. அப்படி யாரும் இல்லை. எல்லாரும் வாலிபம்தான், கைத்தடி கிடையாது, கைக்குழந்தைகூடக் கிடையாது. இந்தத் தரம் நிஜமாகவே வலி போலிருக்கிறது என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

அவர்களில் தாடி வைத்த ஒருவன் தனியாக ஜன்னல் ஓரம் நின்றான். அவன் தின்றது என் கண்ணில் பட்டது. எல்லாரும் நடுவிலிருக்கிற பாலாடைக்கட்டியில்தான் வாய் வைப்பார்கள். அவன் மொறுமொறுப்பான ஓரத்தை முதலில் பிய்த்துப் பிய்த்துத் தின்றான். மோரைத் தொடவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தான். அண்ணன் சுவரில் சாய்ந்து முட்டியைத் தடவியபடி நின்றார். அவன் குடித்து முடிக்கிறவரை அவர் வேறு எங்கும் பார்க்கவில்லை.

"என்னண்ணே, ரொம்ப வலியா? தைலம் தரட்டுமா?"

"வேண்டாம் தங்கச்சி. இன்னைக்கு மெதுவா நடந்தா போதும்" என்றார்.

மறுநாள் ரொட்டியோடு அவர் வீட்டுக்குப் போனேன். சுட்டு ஆறவைத்து, மேலே மாவிலேயே சிலுவையும் திராட்சைக் கொத்தும் வைத்த பெரிய ரொட்டி. கதவைத் தட்டுவதற்கு முன்பே திறந்தார். புதுச் சட்டை, சவரம் செய்த முகம், வயசில் பாதி கழன்று விழுந்தாற்போல ஒரு வெளிச்சம்.

"தங்கச்சி, உள்ள வா. ஒரு விஷயம். சத்தம் போடாத. அவன் வந்திருக்கான்."

"எவன்ணே?"

"உரோஷ். நேத்து என் கூட நடந்தான். ஜன்னல்கிட்ட நின்னானே, தாடிக்காரன்."

எனக்குக் கையிலிருந்த ரொட்டி நழுவப் பார்த்தது.

ஆபீசில் வேறு ஏதோ பெயர் கொடுத்துச் சேர்ந்திருந்தானாம். குதிரைச் சிலையடியில் வந்து நின்றதுமே அவன் காது அமைப்பைப் பார்த்து இவருக்குச் சந்தேகம். கடையில் ஓரத்தைப் பிய்த்துத் தின்றதும் சந்தேகம் போய்விட்டது. சின்ன வயசில் அப்படித்தான் தின்பானாம். லுபிங்கா திட்டித் திட்டிப் பார்த்தும் மாறவில்லையாம்.

"நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"அவன் வேற பேர்ல வந்தான். அப்படி வர்றவன்கிட்ட நீ இன்னார்தானேன்னு எல்லார் முன்னாலயும் கேக்கலாமா? அவனே சொல்லட்டும்னு விட்டேன். நான் சீக்கிரம் நடந்துட்டா சீக்கிரம் முடிஞ்சுடும். அதான் முட்டி வலின்னு…" என்று சின்னப் பையன் மாதிரி சிரித்தார். "பொழுது சாயுற வரைக்கும் இழுத்தேன் தங்கச்சி. ஊர்ல இல்லாத கதையெல்லாம் சொன்னேன். ஒரு இடத்துல பள்ளம், என் கையைப் பிடிச்சு இறக்கிவிட்டான். கை பெரிசா இருக்கு. என் கையை விடப் பெரிசு."

கோட்டைக் கோவிலில் நடந்ததையும் சொன்னார். அங்கே மெழுகுவர்த்தித் தட்டு இரண்டு அடுக்கு. மேல் அடுக்கு உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழ் அடுக்கு இறந்தவர்களுக்கு. இதை அவர் எல்லாக் கூட்டத்துக்கும் சொல்வார். அன்றைக்கும் சொன்னாராம். எல்லாரும் வெளியே போன பிறகு உரோஷ் மட்டும் ஒரு மெழுகுவர்த்தி வாங்கி, கொஞ்ச நேரம் தட்டுக்கு முன்னால் நின்றானாம்.

"எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. எங்க வைக்கப் போறானோன்னு. மேல வச்சான் தங்கச்சி. மேல வச்சான். உசுரோட இருக்கேன்னுதான் நினைச்சிருக்கான்."

"பேசினீங்களா?"

"மதில் மேல எல்லாருக்கும் சாராயம் ஊத்தினேன். நாளைக்கு எங்க வீட்டுப் புனிதர் நாள், அதனால வேலை இல்லை, வீட்டுல கதவு திறந்திருக்கும், நாள் பூரா நின்னுக்கிட்டுதான் இருப்பேன்னு சொன்னேன். அவனைப் பார்த்துத்தான் சொன்னேன். அவனும் என்னைப் பார்த்தான். வேற என்ன சொல்லணும்? தெரு தெரியும், வீடு தெரியும். வருவான்."

பாதிரியார் விதோயே காலையிலேயே வந்துவிட்டார். அண்ணன் கையைக் கூப்பி, "கொஞ்சம் பொறுங்க சாமி" என்றார். பாதிரியாருக்கு அன்றைக்குப் போக வேண்டிய வீடு நிறைய. இருந்தாலும் உட்கார்ந்தார். காப்பி குடித்தார். "பொறுங்க சாமி, வந்துட்டு இருப்பான்." மறுபடி காப்பி. கடைசியில் பாதிரியார் எழுந்து ரொட்டியின் அந்தப் பக்கத்தைப் பிடித்தார். அண்ணன் இந்தப் பக்கம் பிடித்தார். ஜெபம் சொல்லிச் சுற்றினார்கள். ரொட்டியைப் பிளக்கும்போது திராட்சைக் கொத்து உதிர்ந்து மேசையில் விழுந்தது.

நாள் முழுக்க ஆட்கள் வந்தார்கள். டிராம் கொட்டகைத் தோழர்கள், பக்கத்து வீட்டார். பெர்சீதா ஒரு பானை நிறையக் கறி அடைத்த கோசுச் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கீழே தெருக்கதவு சத்தம் கேட்கும்போதெல்லாம் அண்ணன் மாடிப்படியில் ஓடினார். அந்த வயசில், அந்தப் படியில், அப்படி யாரும் ஓடி நான் பார்த்ததில்லை. பெர்சீதாவின் பானையை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்.

"என்னய்யா, மாப்பிள்ளை மாதிரி ஓடியாற? நான் என்ன உன் பொண்டாட்டியா?"

அவர் காதில் விழவில்லை. நான் மேலே ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பானையைக் கையில் வைத்துக்கொண்டு, தொப்பி இல்லாமல், தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தபடி நின்றார். மேலே மெழுகுவர்த்தி எரிகிறது. வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டவில்லை.

சாயங்காலம் மெழுகுவர்த்தி அடி வரைக்கும் வந்துவிட்டது. எல்லாரும் போய்விட்டார்கள். அவர் திராட்சை ரசத்தில் விரலை நனைத்துத் திரியை அணைத்தார். அதன் பிறகுதான் உட்கார்ந்தார். நான் வெறுந்தட்டுகளை எடுத்துக்கொண்டே கேட்டேன்.

"அண்ணே, போன் நம்பர் இருக்கில்ல? ஒரே ஒரு வார்த்தை…"

தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. பிறகு ரொட்டியின் ஓரத்திலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து, துணியில் சுற்றி, லூக்காவின் படத்துக்குப் பின்னால் வைத்தார்.

குளிர் இறங்கியதும் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. கூட்டம் அழைத்துக்கொண்டு போவதை நிறுத்தவில்லை. ஒரு நாள் கோட்டையிலிருந்து திரும்பி வரும்போது மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நோன்பு நாட்களில் போய்ச் சேர்ந்தார். அவர் போனில் இருந்த நம்பரைப் பாதிரியார் தேடி எடுத்துச் சொல்லி அனுப்பினார். உரோஷால் அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை. லூக்கா நாளுக்கு வேகவைத்த அதே பாத்திரத்தில்தான் அண்ணனின் அடக்கத்துக்கும் கோதுமை வேகவைத்தேன். பண்டம் ஒன்றுதான், சர்க்கரை அளவுகூட ஒன்றுதான். கிண்டும்போது கை மட்டும் வரவில்லை.

நாற்பதாம் நாள் பூசைக்கு உரோஷ் வந்தான். கல்லறையில் எல்லாரும் போன பிறகும் நின்றான். பிறகு என் பின்னாலேயே கடைக்கு வந்தான். நான் ஒரு துண்டு பூரெக்கும் மோரும் எடுத்து வைத்தேன். தொடவில்லை. நம் பாஷையைத் தட்டுத் தடுமாறிப் பேசினான்.

"அத்தை, அன்னைக்கு அவருக்கு என்னை அடையாளம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது தம்பி. இங்க நின்னு நீ ஓரத்தைத் தின்னப்பவே."

அவன் கையால் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு சொன்னான்.

"மெழுகுவர்த்தி ஏத்தணும்னு எங்களை விட்டவரு அவரு. சின்ன வயசுலேர்ந்து எனக்கு அதுதான் கோபம். ஒரு தடவை பார்த்துடுவோம், நீயும் வாடான்னு ஒரு வார்த்தை சொன்னா எல்லாத்தையும் விட்டுடுவோம்னு வந்தேன். நாள் பூரா நடந்தேன். அவரு எல்லாருக்கும் பொதுவா சொன்னாரு, கதவு திறந்திருக்கும்னு. எனக்குன்னு சொல்லல. மறுநாள் போகலாமா வேண்டாமான்னு தெரியாம, எதிர்ப்பக்கம் டிராம் நிக்கிற இடத்துல நின்னேன். பூவும் பாட்டிலுமா யார் யாரோ உள்ள போனாங்க. அவங்களையெல்லாம் அழைச்சிருக்காரு, என்னை அழைக்கலன்னு நினைச்சேன்."

"யாரையும் அழைக்கலப்பா. நம்ம வழக்கத்துல யாரையும் அழைக்கிறதில்ல. அதுலயும் நீ வீட்டுப்புள்ள. உன்னை அழைச்சா அவமானம்னு இருந்தாரு."

அவன் என்னையே பார்த்தான். அந்தப் பார்வையை நான் இன்னும் ஜெபத்தில் கடவுளிடம் ஒப்படைத்துக்கொண்டிருக்கிறேன்.

"அவரு ஒரு தடவை வெளிய வந்தாரு" என்றான். "கையில பானை. என் பக்கம் பார்த்த மாதிரி இருந்துச்சு. தெருவைத் தாண்டி வருவாருன்னு நின்னேன். வரல. அப்புறம்தான் பஸ்ஸுக்குப் போயிட்டேன்."

பிறகு கேட்டான்.

"அத்தை, அவரு எனக்காகக் காத்திருந்தாரா?"

நான் பொய் சொல்லிப் பழகாதவள். ஆனால் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அண்ணன் எனக்கு முன்பே சொல்லிவைத்துவிட்டுப் போயிருந்தார். அதைச் சொன்னேன்.

"முட்டி வலியா? பொய் அத்தை. அன்னைக்குத் திறந்த தெருக்கதவு வழியா, அந்தப் படியில அவரு ஓடி வந்ததை நான் பார்த்தேன்" என்றான். அதோடு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். கடைக்கு வந்தவர்கள் ரொட்டி கேட்காமல் வாசலிலேயே நின்றார்கள். பெர்சீதா வந்து அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

லூக்காவின் படத்தையும் அதன் பின்னாலிருந்த துணியையும் அவன் எடுத்துக்கொண்டு போனான். துணிக்குள் என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பிரித்தால் தெரிந்துகொள்வான். அடுத்த அக்டோபரில் வருவானா, எனக்குத் தெரியாது. நானும் அழைக்கவில்லை. ரொட்டிக்கு மாவு மட்டும் எடுத்து வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை கோட்டைக் கோவிலுக்குப் போனால் அண்ணனுக்குக் கீழ் அடுக்கில் ஒன்று வைக்கிறேன், அவனுக்கு மேல் அடுக்கில் ஒன்று.

அண்ணனை நான் கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரியில், பார்வையாளர் நேரம் முடிகிற சமயம். ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. நோன்புக்கு ஏற்றபடி வெண்ணெய் சேர்க்காமல் சுட்ட பூசணிக்காய்ப் பணியாரம் கொண்டுபோயிருந்தேன். ஒரு வாய் வாங்கிக்கொண்டு, தன் சட்டப்படி பேசாமல் மென்றார். உரோஷுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று மறுபடியும் கேட்டேன். "ஆஸ்பத்திரிக்குன்னா பரிதாபப்பட்டு வருவான். அது வேண்டாம்" என்றார். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். நான் அவர் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு எழுந்தேன். கதவு வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"தங்கச்சி… என்னைக்காவது அவன் வந்து கேட்டான்னா, நான் காத்திருந்தேன்னு சொல்லிடாத. புள்ளைக்கு மனசு தாங்காது. அப்பனுக்கு முட்டி வலி, நடக்க முடியல, பின்னாலயே மெதுவா வந்துக்கிட்டுதான் இருந்தாருன்னு சொல்லு."